புதுச்சேரியில் வெளிநாட்டு சென்ட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 5,200 ரூபாய் போச்சு

புதுச்சேரியில் வெளிநாட்டு சென்ட், சாக்லேட் விற்கும் ஒரு கடையில் 5,200 ரூபாய் கொடுத்து வாங்கிய 50 மில்லி பாட்டில், டூப்ளிகேட். பணமும் திரும்ப வரவில்லை, பாட்டிலையும் மாற்றித் தரவில்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் போய் மாட்டக்கூடாது.

வாங்கியது லில்லி ஆஃப் த வேலி வாசனை. பிரான்சில் மே 1 அன்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் சின்ன வெள்ளை மணிப்பூ அது. மல்லிகையிலிருந்து எடுப்பதுபோல் இந்தப் பூவிலிருந்து வாசனையை எடுத்து விற்க வழியில்லை. ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் போன்ற செயற்கை வாசனை ரசாயனங்களைக் கலந்துதான் இந்த வாசனையை உருவாக்குகிறார்கள். 1956இல் சென்ட் கலைஞர் எட்மோன் ருட்னிட்ஸ்கா, டியோர் என்ற பிரெஞ்சு கம்பெனிக்குச் செய்த டியோரிசிமோ சென்ட்தான் இந்த வகைக்கு இன்றும் அளவுகோல். நல்ல சரக்கை அடித்தவுடன் நறுக்கிய பச்சைத் தண்டு வாசம் வரும். பத்து நிமிஷத்தில் பூ எழும்பும். ஈரமாக, குளுமையாக, ஓரத்தில் புதுச் சோப்பு வாடையோடு. பிறகு தோலோடு அடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரியும். நம் கடலோரப் புழுக்கத்தில் மூன்று, நான்கு மணி நேரம் நின்றாலே பெரிசு.

இந்த மென்மைதான் ஏமாற்றுகிறவனுக்கு வசதி. "லைட்டான வாசனை, அப்படித்தான் போயிடும்" என்று எதையும் தலையில் கட்டிவிடலாம்.

மோந்து பார்க்கக் கடையில் வைத்திருந்த டெஸ்டர் பாட்டில் அசல். விற்பனையாள் அதைக் காகிதப் பட்டையில் அடித்து, ஆல்கஹால் போகும்வரை ஆட்டிவிட்டுத்தான் கொடுத்தார். "அவசரமே இல்ல மேடம், வெளிய ஒரு சுத்து சுத்திட்டு வந்து மறுபடி மோந்து பாருங்க." கையில் தேய்க்காதீர்கள் என்றும் சொன்னார். தொழில் தெரிந்தவர் பேச்சு அத்தனையும். நம்பிக்கை வந்தது அங்கேதான். பணம் கட்டியதும் கல்லாவுக்குக் கீழேயிருந்து சீல் பிரிக்காத டப்பா வந்தது. அந்த டப்பாவுக்குள் இருந்தது வேறு.

அடித்ததும் மூக்கைக் குத்தும் ஸ்பிரிட் நெடி. பச்சை வாசமும் இல்லை, பூவும் இல்லை. அரை மணி நேரத்தில் வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் மிச்சம். அசல் மங்கும்போது வாசனை படிப்படியாக மாறும். இது மாறவே இல்லை, அறுந்து போனது. பாட்டிலுக்குள் குழாய் தடிமனாக, நீளம் அதிகமாகி அடியில் வளைந்து கிடந்தது. அடியில் இருந்த பேட்ச் எண்ணும் டப்பாவில் இருந்த எண்ணும் வேறு வேறு. டப்பாவில் பொருட்களின் பட்டியலில் ப்யூட்டைல்ஃபீனைல் மெத்தில்ப்ரோபியோனல் என்று இருந்தது. இந்தப் பூ வாசனைக்குச் சேர்க்கிற லிலியால் என்ற செயற்கைப் பொருளின் ரசாயனப் பெயர் அது. 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருட்களில் அதற்குத் தடை. பிரான்ஸ் தயாரிப்பு, போன மாதம் இறங்கிய புது ஸ்டாக் என்று சொல்லி விற்ற டப்பாவில் அது எப்படி வரும்? பழைய அட்டையைப் பார்த்து அச்சடித்திருக்கிறார்கள், வேறென்ன!

திரும்பக் கொண்டுபோனால் முதலில், "உங்க ஸ்கின்னுக்கு செட் ஆகல மேடம்." அடுத்து, "வெயில்ல வச்சிருப்பீங்க." பேட்ச் எண்ணைக் காட்டினால், "ஓனர் சென்னை போயிருக்காரு, வந்ததும் பேசுங்க." ஓனர் வந்தார். பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதில் 'காஸ்மெட்டிக்ஸ் 1, ரூ. 5,200' என்று மட்டும். "இந்த பாட்டில்தான்னு இதுல எங்க இருக்கு?" 5,200 ரூபாயை வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நிறைய எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். பணம் கொடுக்கும் முன் டப்பாவைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி, அதே பாட்டிலிலிருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். தலையில் மல்லிப்பூவோடு போகாதீர்கள், எந்தப் பூ வாசனையும் பிடிபடாது. இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். மாட்டிக்கொண்டால் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லில் பிராண்டு, மில்லி, பேட்ச் எண் மூன்றையும் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.