பழைய புல்லட்டுக்குக் கோன்செட்: தனிக் குண்டா, டேப்பர் ரோலரா?

ஃபிரேமின் முன்தலையில் மேலும் கீழுமாக உட்கார்ந்து, ஹேண்டிலைத் திரும்பவைக்கும் பேரிங்தான் கோன்செட். அதைச் சோதிக்க, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். சரியாக நேர்கோட்டுக்கு வரும்போது குழியில் விழுந்து உட்காருவது போல ஒரு தட்டல் தெரிந்தால் கோன்செட் போய்விட்டது. இறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. குழியை எந்த நட்டும் நிரப்பாது.

பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் அவசரப்பட வேண்டாம். ஃபோர்க் குழாய்க்குள் இருக்கும் புஷ் வளையம் தேய்ந்தாலும் சக்கரத்தின் ஹப் பேரிங் ஆடினாலும் இதே சத்தம்தான். ஃபிரேமின் முன்குழாயான ஹெட்டும், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தாங்கியும் சேரும் இடுக்கில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் இழுக்கச் சொல்லுங்கள். அசைவு விரலில் தெரிந்தால்தான் அது கோன்செட்.

திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் மேலே 19, கீழே 19 என்று மொத்தம் 38 பால்ரஸ், அதாவது எஃகுக் குண்டுகள், இருக்கும். எல்லாமே கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. நேராக ஓடும் வண்டியில் ஹேண்டில் ஓரிரு டிகிரிக்கு மேல் திரும்புவதில்லை. அதனால் குண்டுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து துடிக்கின்றன. கிரீஸ் பிதுங்கி வெளியேற, உலோகம் உலோகத்தை அரித்து, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. முதலில் போவது பெரும்பாலும் கீழ்ச் செட்தான். சுமையும் சேறும் அங்கேதான். போதாக்குறைக்கு வாட்டர் சர்வீஸ் பையன் பம்ப் முனையை நேராக அந்த இடுக்கில்தான் காட்டுவான்.

இனி எதைப் போடுவது?

பழையபடி தனிக் குண்டு போடுவது மலிவான வழி. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், ஹெட்டில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் குண்டுகளை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை (குண்டு உருளும் கிண்ணம்) விட்டுவைப்பது வீண் வேலை. புதுக் குண்டு பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும். கப், அதற்கு எதிரே பொருந்தும் கோன், குண்டு எல்லாம் ஒரே செட்டாக மாற வேண்டும். புதுக் குண்டுகளோடு பழையதைக் கலப்பதும் தப்பு. அளவில் துளி பெரியதாக இருக்கும் ஒன்றே முழுச் சுமையையும் வாங்கிக்கொள்ளும். 19 குண்டுகளை அடுக்கியபின் வட்டத்தில் சிறு இடைவெளி மிஞ்சும். அதைப் பார்த்து இருபதாவதைத் திணிக்கக் கூடாது, குண்டுகள் ஒன்றையொன்று உரசி மாட்டிக்கொள்ளும். தனிக் குண்டில் உண்மையான ஆபத்து போலி செட். சரியாகக் கடினப்படுத்தாத கப் சீக்கிரமே குழி விழும். புதுக் கப்பின் ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்லது, கடித்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கூண்டில் கோத்த குண்டுகளும் விற்கிறார்கள். மாட்டும்போது குண்டு சிதறாது என்பதுதான் அதன் ஒரே லாபம். கூண்டு இடத்தைத் தின்பதால் குண்டுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றின் மேலும் சுமை கூடும். தலைகீழாக மாட்டினால் கூண்டே கப்பில் உரசும். புல்லட்டுக்கு இது தேவையில்லை.

டேப்பர் ரோலர், அதாவது ஒரு முனை சிறுத்த உருளைகள் கொண்ட பேரிங், விஷயமே வேறு. குண்டு ஒரு புள்ளியில் தொடும், ரோலர் ஒரு கோடு முழுக்கத் தொடும். அதே அடி பரந்த இடத்தில் இறங்குவதால் பள்ளம் விழ நாளாகும். சைடு கார் இழுக்கும் வண்டிக்கும், டிஸ்க் பிரேக் ஏற்றிய வண்டிக்கும், சுமையோடு மலைப்பாதை போகிறவருக்கும் இதன் விலை தகும்.

ஆனால் பேரிங் கடையில் 32005 (25×47×15 மி.மீ.) ஒன்றை வாங்கி வந்து அப்படியே மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டெம்மின் (ஹெட்டுக்குள் நுழையும் ஃபோர்க்கின் தண்டு) விட்டம், ஹெட்டின் உள்விட்டம், அடுக்கின் மொத்த உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். உயரம் கூடினால் மேல் நட்டுக்கு மரை போதாது. குறைந்தால் கீழ்த் தாங்கி ஹெட்டில் உரசும். அடாப்டர் வளையத்தோடு புல்லட்டுக்கென்றே வரும் கிட் வாங்குங்கள், வாங்கியதையும் பழைய செட்டின் உயரத்தோடு வெர்னியரில் ஒப்பிட்டுவிட்டு மாட்டுங்கள். கீழே தூசி மறைக்கும் ரப்பர் இல்லாத கிட் என்றால் வேண்டாம். திறந்து கிடக்கும் டேப்பரும் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

கழற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். கேபிள், வயர் விடுவித்து, மேல் நட்டைக் கழற்றி ஃபோர்க்கை ஸ்டெம்மோடு கீழே இறக்க வேண்டும். அடியில் ஒரு துணி விரித்திருங்கள், பழைய குண்டுகளை எண்ணிப் பார்க்க உதவும். கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளப் பன்ச்சால் வட்டமாக மாறி மாறித் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் சாய்ந்து ஹெட்டின் துளையைச் சிராய்க்கும். பன்ச்சுக்கு விளிம்பே அகப்படாவிட்டால் கப்பின் உள்வட்டத்தில் ஒரு வெல்டிங் கோடு ஓட்டுங்கள். ஆறும்போது சுருங்கித் தானே கழன்றுவரும். புதுக் கப் இரவு முழுக்க ஃப்ரீசரில் இருந்தால் சுலபமாக ஏறும்.

இரண்டும் பிரிவது அட்ஜஸ்ட் செய்யும் இடத்தில். குண்டுக்கு ஆட்டம் மறையும்வரை மட்டும் இறுக்கினால் போதும். அதற்கு மேல் கால் சுற்று கொடுத்தாலும் குண்டே கப்பில் பள்ளம் போடும். கேபிள்கள் மாட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் ஹேண்டில் தன் எடையிலேயே இரு பக்கமும் கடைசிவரை விழ வேண்டும்.

டேப்பரை முதலில் நன்றாக இறுக்கி, கடைக்கோடி வரை பத்துப் பன்னிரண்டு முறை திருப்பி ரோலர்களை உட்காரவைக்க வேண்டும். பிறகு முழுவதும் தளர்த்தி, மெல்லிய இழுவை தெரியும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்க வேண்டும். ஹேண்டில் குண்டில் போல வேகமாக விழாது, ஆனால் நடுவழியில் நிற்கவும் கூடாது. டேப்பர் போட்டபின் வண்டி மெதுவாகப் போகையில் பாம்பு போல நெளிகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஓவர் டைட்தான். பேரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதைப் போட்டாலும் லாக் நட் இறுகும்போது மரையில் இருக்கும் சிறு இடைவெளி மறைந்து பேரிங் இன்னும் கொஞ்சம் இறுகும். ஆகவே ஒரு துளி தளர்வாக வைத்து, அட்ஜஸ்ட் நட்டை ஸ்பானரால் பிடித்தபடி லாக் செய்து, திரும்பவும் சோதியுங்கள். ஸ்டெம்மைக் கவ்வும் கிளாம்ப் போல்ட் உள்ள அமைப்பில் அதைத் தளர்த்தாமல் நட்டைத் திருகினால் அளவு பொய்யாகிவிடும்.

வார இறுதியில் ஊர் சுற்றும், டிரம் பிரேக் கொண்ட புல்லட்டுக்குத் தரமான குண்டு செட்டும் தண்ணீர் தாங்கும், கெட்டி அளவில் இரண்டாம் எண் (NLGI 2) கிரீஸும் தாராளம். டேப்பர் வாங்குகிறவர் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ள வேண்டும். அதன் கீழ் உள்வளையம் ஸ்டெம்மில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை அதை எடுக்க கிரைண்டரும் உளியும் வேண்டும், ஸ்டெம்மில் கீறல் விழாமல் பாதிவரை மட்டும் அறுத்து மீதியை உளியால் பிளக்கும் பொறுமையும் வேண்டும்.