319,000 ரூபாய்த் தீர்வையும் ஒரு நொத்தாரிசு அலுவலகமும்

யாழ். நகரில் நீதிமன்றத்துக்கு அருகே, ஒடுங்கிய மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு பிரசித்த நொத்தாரிசு அலுவலகத்தில்தான் கோண்டாவிலில் வாங்கிய காணிக்கு உறுதி முடித்தோம். விற்றவருக்கும் அவருடைய தமையனுக்கும் பொதுவாக இருந்த எட்டுப் பரப்பு (ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ்) வளவில் விற்றவரின் பாதியை 80 இலட்சத்துக்குப் பேசியிருந்தோம். பங்குக் காணி என்றதும் பல நொத்தாரிசுகள் தயங்குவார்கள். இவரோ முதல் நாளே தாய் உறுதிகளை, அதாவது காணியின் முந்தைய உறுதிகளை, வாங்கி வைத்துக்கொண்டு, பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை தரும் 1947ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுச் சட்டப்படி தமையனுக்கு அறிவித்தல் கொடுத்த பின்னரே நாள் குறிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

காணி கைமாறும்போது கட்டவேண்டிய முத்திரைத் தீர்வையின் கணக்கை அவர் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், 3,000 ரூபாய்; மீதி 79 இலட்சத்துக்கு 4 வீதம், 316,000 ரூபாய்; ஆக 319,000 ரூபாய். தன்னுடைய கட்டணத்தை அதற்குக் கீழே தனியாக எழுதினார். இரண்டையும் கலந்து ஒரே தொகையாகச் சொல்லும் வழக்கம் இருக்கும் ஊரில் இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

விலையைக் குறைத்து எழுதலாமா என்று கேட்டது என் மாமாதான். ஐம்பது இலட்சம் என்று எழுதினால் 120,000 ரூபாய் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஐயா, அறிவித்தலிலையும் அம்பது எண்டுதானே போடவேணும், தமையன்காரன் அந்த அம்பதுக்கே எனக்குத் தாங்கோ எண்டு கேட்டால் என்ன செய்வியள்?" என்றார். அதோடு நிற்காமல், 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி மீண்டும் நடைமுறையில் இருப்பதையும், இன்று குறைத்து எழுதும் முப்பது இலட்சம் நாளை நாங்கள் விற்கும்போது எங்களுடைய ஆதாயமாகக் கணக்கிடப்படும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். மாமா அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

உறுதி வாசிப்பதற்குக் காத்திருந்த நேரத்தில் அந்த நாட்காட்டித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இலட்சத்துக்குத் தரப்படும் சலுகையின் பெறுமதி, காணி எந்த விலைக்குப் போனாலும், வெறும் ஆயிரம் ரூபாய். நாங்கள் கொடுத்த விலைக்கு ஒரு இலட்சம் என்பது அரைப் பேர்ச்சஸ். கிணற்றுக் கட்டும் உடுப்புத் தோய்க்கும் கல்லும் அடங்கும் அளவு நிலம். இந்த எல்லையை இன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்துவதுதான் மிக எளிய சீர்திருத்தம். ஆனால் இந்தத் தீர்வை மாகாணத்துக்கு உரியது. அங்கிருந்து காணி அமைந்துள்ள உள்ளூராட்சி சபைக்குப் போகிறது. அதை மாற்றும் நியதிச்சட்டத்தை இயற்ற வேண்டிய வட மாகாண சபைக்கு 2018 ஒக்டோபரின் பின் உறுப்பினர்களே இல்லை.

கன்பராவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் வேறொரு வழி சொன்னார். அங்கே 2012இல் தொடங்கி, வாங்கும்போது அறவிடும் தீர்வையை இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட்டு, ஆண்டுதோறும் செலுத்தும் நிலவரியை உயர்த்தி வருகிறார்கள். சர்வதேச நாணய நிதியத்துடனான திட்டத்தில் 2025 ஏப்ரலுக்கு முன் வருமென்று சொல்லப்பட்டு, பின்னர் வராமற்போன, சொந்த வீட்டுக்கும் வாடகை வருவதாகக் கணித்து அறவிடும் கணிப்பு வாடகை வருமான வரியும் ஆண்டு வரிதான். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பூட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு அது பொருந்தும். நாலு அறை வீட்டில் தனியே இருந்து உள்ளூராட்சி சபைக்குச் செலுத்தும் சோலை வரியையே தவணை பிந்திக் கட்டும் தாய்மாருக்கு விலக்கு இல்லாமல் கொண்டுவந்தால், நான் இந்த 319,000 ரூபாயையே விரும்புவேன்.

குறையும் உண்டு. உறுதி வாசித்த அன்று "வான்பயிர், தான்பயிர், கிணறு, வழி வாய்க்கால்" வரை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி விளக்கியவர், கையெழுத்தானதும் ஆளே மாறிவிட்டார். பதிந்த உறுதி ஒரு மாதத்தில் கைக்கு வரும் என்றார்; மூன்று மாதமும் பத்து நாளும் ஆயின. தொலைபேசியை எழுதுவினைஞர்தான் எடுப்பார், ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை" என்பார். தாமதம் பதிவகத்திலா அலுவலகத்திலா என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டும் கேட்டபின்தான் தந்தார்கள்.

ஆனாலும் தங்கையின் நன்கொடை உறுதியை அவரிடமே எழுதக் கொடுத்திருக்கிறோம். இம்முறை உறுதி கைக்கு வரும் திகதியை முற்பணச் சீட்டின் பின்புறத்தில் எழுதி, எழுதுவினைஞரின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.