டான்ஸ்டாக் குவெரி 5: மாங்கூழ் ஆர்டர் பக்கத்துக்குத் தாங்குமா?

டான்ஸ்டாக் குவெரி, சர்வரிலிருந்து தரவை எடுத்துவந்து சேமித்துவைக்கும் லைப்ரரி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ரியாக்டில் (இணையப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஆர்டர் பக்கம் செய்பவர்கள் இதன் 5-ஆம் பதிப்பைத் தாராளமாக எடுக்கலாம். 2023-இல் வந்த இந்தப் பதிப்பில் தரவைக் கேட்கும் யூஸ்குவெரியிலிருந்து, பிழை வந்தால் ஓடும் ஆன்எரரை நீக்கியது அருமையான முடிவு. அது இருந்தபோது, ஒரே விலைப்பட்டியலை இரண்டு காம்பொனென்ட் (பக்கத்தின் பகுதி) கேட்டால் பிழை டோஸ்ட்டும் (திரையில் சற்றுநேரம் தோன்றும் அறிவிப்பு) இரண்டு முறை வரும். ஒவ்வொரு காம்பொனென்ட்டிலும் தனித்தனியாக ஓடும் யூஸ்எஃபெக்ட்டில் எழுதினாலும் அதே கதைதான். எல்லாக் குவெரிகளுக்கும் பொதுவான குவெரிகேஷில் ஒரே ஆன்எரர் வையுங்கள், குவெரிக்கு ஒருமுறைதான் ஓடும். "பெங்களூரா விலை கிடைக்கவில்லை" போன்ற வாசகத்தை அந்தந்தக் குவெரியின் மெட்டாவில் (கூடுதல் குறிப்பு வைக்கும் இடம்) கொடுக்கலாம். பழைய விலை திரையில் இருந்தால் மட்டும் டோஸ்ட். இல்லையென்றால் பட்டியல் வரவேண்டிய இடத்திலேயே செய்தி.

குறை, ரீட்ரை, அதாவது தோற்றால் மீண்டும் முயல்வது. இயல்பாக 1, 2, 4 விநாடி விட்டு மூன்று முறை முயலும். பிழை தெரியவே 7 விநாடிக்கு மேல். 404-க்கு (கேட்டது சர்வரில் இல்லை என்ற பதில்) அது வீண், நிறுத்திவிடுங்கள். தரவை எடுக்கும் பிரவுசர் வசதியான ஃபெட்ச், 404-ஐத் தானாகப் பிழையாக எறியாது என்பதால், ரெஸ்பான்ஸின் ஓகேவைப் பார்த்து நாமே த்ரோ செய்யவேண்டும்.