வார்ப்பிரும்புக் கணப்புத் தகடுகள்: எந்த உருவம் நெருப்புக்குப் பின்னால் நிலைக்கும்?

கணப்படுப்பின் பின்சுவரில் சாய்த்து வைக்கும் வார்ப்பிரும்புத் தகட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள உருவத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். விற்பனைக் கூடத்தில் வெளிச்சம் மேலிருந்து விழும். கறுப்புப் பூச்சு புதிதாக மின்னும். சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும். வீட்டிலோ வெளிச்சம் கீழிருந்து வருகிறது, அதுவும் அசைந்துகொண்டே. தகட்டின் அடிப்பகுதியை விறகு மறைத்துவிடும். ஒரு குளிர்காலம் போனால் முழுத் தகடும் கரி படிந்து ஒரே நிறமாகிவிடும். இந்த மூன்றையும் தாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற உருவமைப்புதான் வாங்கத் தக்கது. இன்று மறுவார்ப்பாக அதிகம் விற்கும் வடிவங்களை இங்கே அந்த அளவுகோலில்தான் பார்க்கிறோம்.

முதலில் தகட்டின் வேலை. நேரடித் தணல் பட்டால் செங்கல்லும் சாந்தும் பொரிந்து உதிரும். அதைத் தடுப்பது முதல் பயன். சூடேறிய இரும்பு அறைப்பக்கமாக வெப்பத்தை வீசுவது அடுத்தது. இரவு முழுவதும் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் என்று விளம்பரங்களில் வரும் பேச்சை நம்ப வேண்டாம். 60 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள தகடு சுமார் 52 கிலோ இருக்கும். அது அறையைவிட 200 டிகிரி அதிகம் சூடேறினாலும் அதில் தேங்குவது 1.3 கிலோவாட்-மணி அளவு வெப்பம்தான். நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ தருவதில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நெருப்பு அணைந்தபின் ஓரிரண்டு மணி நேரம் இதமாக இருக்கும், அவ்வளவே. எரியும்போது அது வீசும் வெப்பம்தான் உண்மையான லாபம்.

உருவங்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள வீல்டு பகுதியில், ஆஷ்டவுன் காட்டின் நியூபிரிட்ஜில், 1496-ல் ஊது உலை (காற்றை ஊதி இரும்பை உருக்கும் உலை) வந்தது. உருகிய இரும்பு கிடைக்கத் தொடங்கியதும் அங்கே தகடு வார்ப்பதும் பெருகியது. முறை எளியது. ஈர மணலைத் தரையில் சமப்படுத்தி, ஒரு பலகையை அழுத்திப் பள்ளம் எடுப்பார்கள். ஓரத்தில் முறுக்குக் கயிற்றைப் பதிப்பார்கள். நடுவே ரோஜா, லில்லிப் பூ, குறுவாள் என்று கையில் கிடைத்த மர அச்சுகளை அழுத்துவார்கள். பிறகு திறந்த மணலிலேயே இரும்பை ஊற்றிவிடுவார்கள். தகட்டின் முகம் மணலுக்குள் அமைய, காற்றுபட்டு இறுகிய மேற்புறம் பின்பக்கமாகிவிடும். பழைய தகடுகளின் முதுகு கரடுமுரடாக இருப்பது இதனால்தான்.

கயிறும் அச்சுகளும் கொண்ட இந்த ஆரம்பகால வடிவத்துக்குத்தான் எங்கள் முதல் ஓட்டு. கடையில் பார்த்தால் வெறுமையாகத் தோன்றும். ஆனால் உருவங்கள் தனித்தனியாக, இடையில் வெற்றிடத்தோடு நிற்பதால் கரி படிந்தபின்பும் நிழல் தெளிவாக விழும். கயிற்று ஓரம் தணல் வெளிச்சத்தில் முறுக்கு முறுக்காகத் தெரியும். வேறெந்த ஓர அலங்காரமும் இதற்கு ஈடாகாது. அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும் இந்தத் தகடுகள் பெரிய பழங்காலக் கணப்புக்குப் பொருந்தும். 50 செ.மீ. அகலமே உள்ள சிறு அடுப்பில் இதைச் சுருக்கி வார்த்துப் பொருத்தினால் அழகு கெட்டுவிடும்.

1588 என்ற ஆண்டு பொறித்த ‘அர்மடா’ தகடு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நங்கூரங்கள், ரோஜாக்கள், லில்லிப் பூக்கள் நிறைந்தது. ஸ்பெயின் கடற்படை தோற்ற ஆண்டு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகம் நகலெடுக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. அதனால்தான் தரத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. நல்ல வார்ப்பில் நங்கூரத்தின் கொக்கி முனை கூராக இருக்கும். மட்டமானதில் அது உருண்டு, மீன் தூண்டில் போலாகிவிடும். வாங்கும்போது அந்த முனையை விரலால் தடவிப் பார்த்தாலே போதும்.

அரச சின்னத் தகடுகள் கம்பீரமானவை, ஆனால் நெரிசலானவை. கேடயம், கிரீடம், இருபுறமும் விலங்குகள், கீழே வாசகம் எல்லாம் ஒரே தகட்டில் வந்துவிடும். வாசகம் இருப்பது அடிப்பகுதியில். விறகு மறைப்பதும், முதலில் தீய்ந்து தேய்வதும் அதே இடம். ஆகவே சின்னம் தகட்டின் மேல் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிய வார்ப்பைத் தேடுங்கள். காலப் பிழையும் இந்த வகையில்தான் அதிகம் தென்படும். ஒற்றைக்கொம்புக் குதிரை அரச சின்னத்தில் சேர்ந்தது 1603-ல் முதலாம் ஜேம்ஸ் முடிசூடிய பிறகு. அதற்கு முந்தைய டியூடர் அரச வம்சத்தின் சின்னங்களில் டிராகன் ஒருபுறமும் சிங்கமோ வேட்டைநாயோ மறுபுறமும் நிற்கும். பிரெஞ்சு லில்லிகள் 1801-ல் பிரிட்டனின் சின்னத்திலிருந்து நீக்கப்பட்டன. ஒற்றைக்கொம்பனோடு 1580-களின் ஆண்டு பொறித்த தகட்டை யாராவது பழமையானது என்று நீட்டினால், பணப்பையை மூடிவிடலாம்.

‘ராயல் ஓக்’ தகடு சொல்வது ஒரே செய்தி. 1651-ல் வூஸ்டர் போரில் தோற்ற இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் ஓக் மரத்தில் ஒளிந்து தப்பினார். கிளைகளுக்கிடையே மூன்று கிரீடங்கள் அவருடைய மூன்று ராஜ்யங்களைக் குறிக்கும். மரம் கீழிருந்து மேலே விரிகிறது, கிரீடங்கள் உச்சியில். கீழே விறகு அடுக்கினாலும் கதை மறையாது. அமைப்பு என்ற அளவில் மிகச் சரியானது இது. இலைகள் தட்டையாக வார்க்கப்பட்டிருந்தால் மட்டும் முழுமரமும் ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். புடைப்பு குறைந்தது 6 மி.மீ. இருக்கட்டும்.

நாங்கள் மிகவும் நேசிக்கும் தகடு, 1636-ஆம் ஆண்டைத் தாங்கிய ரிச்சர்டு லெனார்டுடையது. வீல்டு பகுதியிலுள்ள சசெக்ஸின் பிரீடு உலையில் வார்ப்பவராக இருந்தவர் அவர். தன் பெயரையும் உலையின் பெயரையும் தகட்டிலேயே பொறித்து, கையில் சுத்தியோடு தன் உருவத்தையும் வைத்தார். நாயும், உலையும், தொழிற்கருவிகளும் சுற்றிலும் உண்டு. அரசனுக்கும் தெய்வங்களுக்கும் ஒதுக்கிய இடத்தில் ஓர் உழைப்பாளி நிமிர்ந்து நிற்கிறார். இதை வார்ப்பிரும்புக் கலையின் மிகப் பெரிய பொக்கிஷங்களில் ஒன்று என்று சொல்லத் தயக்கமில்லை. ஆனால் நகல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: சிறு கருவிகள் நிறைந்த தகடு என்பதால் மோசமான வார்ப்பில் முதலில் சாவது அந்தக் கருவிகள்தான். லூயிஸ் நகரின் ஆன் ஆஃப் கிளீவ்ஸ் இல்லத்தில் வீல்டு தகடுகளின் நல்ல தொகுப்பு இருக்கிறது. எந்த நகலையும் வாங்குமுன் அங்கே மூலத் தகடுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

டச்சுப் பாணித் தகடுகள் உயரமாகவும் குறுகலாகவும், மேலே வளைவோடும் இருக்கும். வளைவில் பெரும்பாலும் டால்பின்கள், நடுவே புராணக் காட்சியோ பைபிள் காட்சியோ. பெயர் டச்சு என்றாலும் பலவும் ஜெர்மனியின் ஜீகர்லாந்தில் வார்த்து நெதர்லாந்துக்குப் போனவை. வேலிக்குள் கன்னியும் சிங்கமும் அமர்ந்திருக்கும் ‘ப்ரோ பாட்ரியா’ (‘தாய்நாட்டுக்காக’) இவற்றில் புகழ்பெற்றது. தனி அச்சுகளுக்குப் பதில் முழுக் காட்சியையும் ஒரே மரத்தில் செதுக்கினார்கள். அதனால் நுணுக்கம் அதிகம். சிறிய அடுப்புக்கு வடிவம் மிகப் பொருத்தம். ஆயினும் மறுவார்ப்பில் இந்த வகையைத்தான் மிகக் கவனமாக வாங்க வேண்டும். முகங்கள் 3 மி.மீ. புடைப்பில் செதுக்கப்பட்டவை, இரண்டாம் தலைமுறை நகலில் மூக்கும் கண்ணும் கலந்துவிடும்.

பிரெஞ்சுத் தகடுகளில் மூன்று லில்லியும் கிரீடமும் கொண்டவை எளிமையானவை, தூரத்திலிருந்தே படிக்கத் தக்கவை. புரட்சிக்காலத்தில், 1793-ல், அரச சின்னமுள்ள தகடுகளைத் திருப்பி வைக்க ஆணை பிறந்தது. சிலவற்றில் லில்லிகளை உளியால் கொத்தி எடுத்திருப்பார்கள். அந்தக் கொத்துத் தழும்பு குறையல்ல. பழைய தகட்டில் அதைக் கண்டால் மெழுகியோ அரைத்தோ மறைக்காதீர்கள்.

நகலின் தரம் ஏன் இவ்வளவு மாறுகிறது? உருகிய இரும்பு இறுகும்போது நீளத்தில் சுமார் 1 சதவீதம் சுருங்கும். மூலத் தகட்டையே மணலில் அழுத்தி நகலெடுத்தால் 60 செ.மீ. தகடு 59.4 செ.மீ. ஆகிவிடும்; அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் 58.8. ஒவ்வொரு முறையும் ஓரங்கள் மழுங்கும். மூலத்தின் அளவு தெரிந்தால், அளவு நாடாவைக் கொண்டே அது எத்தனையாவது தலைமுறை நகல் என்று ஊகிக்கலாம். சுருக்கத்தைக் கணக்கிட்டுப் புதிதாக மாதிரி செதுக்கி வார்ப்பவர்களே நல்ல தகடு தருகிறார்கள். பழையது என்று விற்கப்படுவதில் முதுகு சமமாக இருந்தாலோ, ஓரத்தில் கிரைண்டர் கோடுகள் தெரிந்தாலோ, எல்லா இடத்திலும் கனம் ஒன்றாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

கனத்தில் சமரசம் வேண்டாம். விறகுக்கு 15 மி.மீ. குறைந்தபட்சம், நிலக்கரி எரிப்பவர்கள் 20-க்குக் கீழே போகக் கூடாது. 8 மி.மீ. தகடுகள் மலிவு, தூக்கவும் எளிது. ஆனால் மெல்லிய வார்ப்பு வேகமாகக் குளிர்வதால் ஓரங்கள் வெண்வார்ப்பாக, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையோடு இறுகக்கூடும். வாங்குமுன் தகட்டை நிமிர்த்தி மரச்சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தகடு மணியாக ஒலிக்கும். மறைவிரிசல் இருந்தால் சத்தம் செத்துவிழும்.

பெரும்பாலான தகடுகள் உடைவது பொருத்தும் முறையால். நடுப்பகுதி முதலில் சூடேறி விரியும். குளிர்ந்த ஓரங்கள் இழுபடும். அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். 60 செ.மீ. தகடு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2.5 மி.மீ. நீளும். அதைச் சாந்தில் புதைத்தால் வெடிக்காமல் வேறென்ன செய்யும்? தகட்டை இரண்டு தீச்செங்கல்லின் மேல் நிறுத்தி, சுவரிலிருந்து 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு, சற்றே பின்பக்கம் சாய்த்து, பக்கவாட்டில் இரும்புக் கொக்கிகளால் பிடியுங்கள். கொக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விடுங்கள். 50 கிலோ முன்னால் சாய்ந்தால் காலை நசுக்கும்; கொக்கி இல்லாமல் வெறுமனே சாய்த்து வைப்பது ஆபத்து. இருவராகத் தூக்குங்கள். புகைபோக்கியைச் சுத்தம் செய்யும்போது பின்னால் சேர்ந்த கரியையும் அள்ளிவிடுங்கள்.

விறகைத் தாங்கும் இரும்புத் தட்டி தகட்டிலிருந்து 5 செ.மீ.யாவது தள்ளி நிற்கட்டும். இருட்டில் தகடு மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்தச் சூட்டில் அடிக்கடி கிடந்தால் வார்ப்பிரும்பு உள்ளுக்குள்ளேயே மாறி, மெல்ல வீங்கி, முகத்தில் வலைபோல் நுண்கீறல் விழும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. புதுத் தகட்டுக்கு முதல் மூன்று நான்கு நெருப்புகள் சிறியவையாக இருக்கட்டும். பூச்சு புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எரிகிற நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது.

கோடையில் புகைபோக்கி வழியாக இறங்கும் ஈரம் கரியோடு சேர்ந்து அமிலமாகித் துருப்பிடிக்க வைக்கும். பருவம் முடிந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் பசையை மெல்லியதாகப் பூசி, துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் தடவினால் அடுத்த முறை அறையெல்லாம் புகை நிறையும். பழைய தகட்டை மணல் வீசிச் சுத்தம் செய்யும் கடைகளுக்கு அனுப்பாதீர்கள். கயிற்றின் முறுக்கும் பூவின் நரம்பும் அதோடு போய்விடும்.

விரிசல் விட்டாலும் நல்ல தகட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பற்றவைப்பு நெருப்புக்கு அருகில் மறுபடி பிளக்க வாய்ப்பு அதிகம். முதுகில் இரண்டு தட்டை இரும்புப் பட்டைகளை விரிசலுக்குக் குறுக்கே வைத்து போல்ட் போடுங்கள். பட்டையின் ஒரு பக்கத் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் தகடு விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். விரிசலுக்குள் தீச்சாந்தை அடைக்காதீர்கள். சூடேறி விரியும் இரண்டு துண்டுகளுக்கு நடுவே அது ஆப்பாகி, பிளவை இன்னும் நீட்டிவிடும்.