தர்பூசணி நடவு: காத்திருந்து விதைப்பதா, நாற்றாக முந்திக்கொள்வதா?

உறைபனி விழும் பகுதிகளில் தர்பூசணி பயிரிட இரண்டு வழிகள் உண்டு. மண் நன்றாகச் சூடேறும் வரை பொறுத்திருந்து விதையை நிலத்திலேயே ஊன்றுவது ஒன்று. மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே குழித்தட்டில் நாற்று வளர்த்து, குளிர் விலகியதும் எடுத்து நடுவது மற்றொன்று.

எந்த வழியானாலும், பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கடைசி உறைபனி நாளைத்தான். அந்த நாள் வழக்கமாக ஒரு சராசரியாகவே தரப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழக்கூடும். அதைவிட முக்கியமாக, உறைபனி நின்றுவிட்டதாலேயே மண் சூடேறிவிட்டதாகப் பொருளில்லை. காற்றில் குளிர் விட்ட பிறகும் மண் வெகுநாள் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே நாட்காட்டியைவிட, காலையில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பார்க்கும் வெப்பமானியையே நான் நம்புவேன். தொடர்ந்து சில நாட்கள் அது 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் காட்டினால் விதைக்கலாம்.

பொறுமைக்குக் கிடைக்கும் பலன் முளைப்பிலேயே தெரியும். மண் 20 டிகிரியில் இருந்தால் முளை வெளிவர ஏறத்தாழ 12 நாட்கள் ஆகும். 25 டிகிரியில் ஐந்து நாட்கள் போதும். 15 டிகிரிக்குக் கீழே விதை முளைப்பது அரிது. அவசரப்பட்டு ஊன்றிய விதையைப் பத்து நாள் கழித்துத் தோண்டி விரலால் அழுத்தினால், ஓடு பிளந்து உள்ளே பருப்பு கூழாகிக் கிடப்பதைக் காணலாம். தாமதமாக விதைத்தவருடைய கொடி முந்திக்கொண்டவருடையதைத் தாண்டி ஓடுவதற்கும் இதுவே காரணம். நேரடி விதைப்பில் ஆணிவேர் குலையாமல் ஆழமாக இறங்குவதால், செடி வறட்சியையும் ஓரளவு தாங்கும்.

ஆனால் வெப்பக்காலம் குறுகிய இடங்களில் இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. சிறு காய் ரகங்களுக்கே 75 முதல் 80 நாட்களும், பெருங்காய் ரகங்களுக்கு 90 நாட்களுக்கு மேலும் தேவை. பூ கருக்கூடியதிலிருந்து காய் பழுக்க ஐந்து, ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள் இலையுதிர்காலக் குளிரில் விழுந்தால் பழத்தில் இனிப்பு ஏறாது. அங்கே நாற்றுதான் வழி. விதையில்லா ரகங்களுக்கும் அப்படியே: அவற்றின் விதை முளைக்க ஏறத்தாழ 30 டிகிரி வெப்பம் வேண்டும், விதையின் விலையும் அதிகம் என்பதால் திறந்த மண்ணில் ஊன்றிச் சோதித்துப் பார்ப்பது வீண். (காய் பிடிக்க அருகில் விதையுள்ள ரகமும் இருக்க வேண்டும்.)

நாற்று முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. தர்பூசணி வேர் தொந்தரவை விரும்பாது. முதலில் விரியும் வித்திலைகளுக்குப் பின் இரண்டு, மூன்று உண்மை இலைகள் வந்ததும் நட்டுவிட வேண்டும். தட்டிலிருந்து எடுக்கும்போது வெள்ளை வேர்கள் மண்கட்டியைச் சுற்றிச் சுருண்டிருந்தால், நட்ட பின் நாற்று பல நாட்கள் வளராமல் நிற்கும். மண் குளிர்ந்திருக்கும்போது நட்டாலும் இதே கதிதான். 10 டிகிரிக்குக் கீழே நாற்று வெளிறிச் சுணங்கும். கருப்பு பாலித்தீன் மூடாக்கை முன்கூட்டியே விரித்தால் மண் சில டிகிரி சூடேறும்; ஆனால் உறைபனி விழும் இரவில் இலையை அது காக்காது.

உறைபனியே இல்லாத பகுதிகளில் இந்தப் போட்டி அநேகமாக மறைந்துவிடுகிறது. நேரடி விதைப்பே போதும். அங்கே எதிரிகள் மழையும் கடும் வெயிலும்தான். தேனீ பறக்காத மழைநாளில் பெண்பூ கருக்கூடாமல் உதிரும். பழுக்கும் வேளையில் பெருமழை பெய்தால் இனிப்பு நீர்த்துப் பழம் வெடிக்கும். எனவே அங்கே மழை தொடங்கும் நாளிலிருந்து 90 நாட்களைப் பின்னோக்கி எண்ணி, அதற்கு இரண்டு வாரம் முன்பாகவே விதைப்பார்கள்.