ஸ்கேட்போர்டு சக்கரம்: ஸ்பேசர் போட்டா, போடாமலா?

ஸ்பேசர் என்பது சக்கரத்துக்குள் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஆக்சிலில் செருகும் சின்னக் குழாய். ஆக்சிலில் சக்கரம் மாட்டும்போது அதைப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எந்த வழியானாலும் வாஷர் வேண்டும்: ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஒன்று, நட் பக்கம் ஒன்று, நான்கு சக்கரத்துக்கு மொத்தம் 8. இல்லாவிட்டால் நட் பேரிங்கில் உரசும்.

செலவு: ஸ்பேசர் இல்லையென்றால் எதுவும் இல்லை. நான்கு வாங்கினாலும் பெரிய தொகை ஆகாது.

இறுக்கம்: இதில்தான் உண்மையான வித்தியாசம். ஸ்பேசர் இல்லாமல் நட்டை முழுக்க முடுக்கினால் இரண்டு பேரிங்கின் உள்வளையங்களும் உள்நோக்கி அழுந்தி, சக்கரம் சுற்றத் திணறும். அதனால் சக்கரம் துளி ஆடும் அளவுக்கு நட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஸ்பேசர் இருந்தால் அந்த அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும், ஆட்டமில்லாமல் இறுக்கலாம். ஆனால் நீளம் பொருந்த வேண்டும், பெரும்பாலும் 10 மி.மீ. குட்டையானால் போட்டும் பயனில்லை.

நீடித்து உழைப்பது: பக்கவாட்டு விசையை ஸ்பேசர் பகிர்ந்துகொள்வதால் பேரிங்குக்கு நல்லது.

எளிமை: ஸ்பேசர் இல்லாததே சுலபம்.

ஸ்கேட் பார்க்கில் பழகுபவருக்கு ஸ்பேசர் இல்லாமலும் சரிதான். லாங்போர்டில் (நீளமான ஸ்கேட்போர்டு) இறக்கத்தில் வேகமாகப் போகிறவர் கட்டாயம் போடுங்கள். அப்புறம், உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து கையாலேயே சுழலும் நட்டை இரு தரப்பினரும் உடனே மாற்றிவிடுங்கள்.