பழைய கோயில் மண்டபத்துக்குச் சுண்ணாம்பா, சிமென்ட்டா?

கோயில் மண்டபத்தில் காரை உதிர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது சிமென்ட்தான். சில நாளில் இறுகிவிடும், வேலைக்கு ஆளும் கிடைக்கும். சரி, ஆனால் இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லாண்டு வகை சிமென்ட் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். அதற்கு முந்தைய மண்டபங்களில் காரை என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சுவர் லேசாக அசைந்தாலும் ஈடுகொடுக்கும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்பு பூக்கும், பூச்சை ஒட்டிய பழைய செங்கல் விரலால் தேய்த்தாலே மாவாக உதிரும்.

சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். தண்ணீர் விட்டு நீற்றி, புளிக்க வைத்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து அரைக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து முழுதாக இறுக மாதக்கணக்காகும். கும்பாபிஷேகத்துக்குத் தேதி குறித்துவிட்டு வேலை தொடங்குகிறவர்களுக்கு இது ஒத்துவராது. என் ஓட்டு சுண்ணாம்புக்கே. சிமென்ட்டைப் புதிதாகக் கட்டும் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம்.